பொட்டலத்தின் மேல் நாலு வரி

நாவல் எழுதுகிறவனுக்கு மருந்துப் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அன்று இரவு வரை எனக்கும் இருந்ததில்லை.

என் இளைய பையனுக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று வாங்கி வந்தேன். நீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும் என்ற முதல் வரியைப் படித்ததும் என் மனைவி பொடியைத் தம்ளர் நீரில் கொட்டிவிட்டாள். ஒரு லிட்டர் என்ற அளவு, மடிப்புக்குள்ளே எறும்பு எழுத்தில் இருந்தது.

"இதை யாருக்காக எழுதியிருக்கிறார்கள்?" என்றாள்.

நல்ல விமரிசனக் கேள்வி. அந்தப் பொடி 20.5 கிராம், அதில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்தி அமைத்த இந்தக் கணக்கு ஒரு லிட்டர் நீருக்குத்தான். நீர் குறைந்தால் இரத்தத்தில் உப்பு ஏறும், போக்கும் அதிகமாகலாம். 200 மில்லி நீருக்கான சிறு பொட்டலமும் கடையில் கிடைப்பதால், பழக்கத்தை நம்பியும் பயனில்லை.

எழுதியவருக்கு ரசாயனம் தெரியும். படிப்பவளின் கை, கண்ணுக்குப் பின்னாலேயே வேலை செய்கிறது என்பது தெரியவில்லை. முதலில் செய்யவேண்டியதை முதலில் சொல்லவேண்டும். எச்சரிக்கை, காரியத்துக்கு முன்னால் வரவேண்டும். ஒரே பொருளைப் பொடி, கலவை, உள்ளடக்கம் என்று மூன்று பெயரால் அழைப்பது கதையில் அலங்காரமாகலாம், இங்கே குழப்பம்தான். நாவலில் வாசகன் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டால் எனக்குப் பெருமை. இங்கே இரண்டாவது அர்த்தத்துக்கு இடமே கூடாது.

தம்ளரில் இருந்ததைக் கொட்டிவிட்டு வேறு பொட்டலம் வாங்கி வந்தேன். பையன் தேறினான். பிறகு உட்கார்ந்து நானே எழுதிப் பார்த்தேன்:

"கையைக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து வையுங்கள், குறைக்கக் கூடாது. பொடி முழுவதையும் அதில் போட்டுக் கரையுங்கள். கரைத்தபின் கொதிக்கவைக்க வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள்."

இந்த ஐந்து வாக்கியத்துக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. எழுதியதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பொட்டலத்தோடு கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்ப எழுத்தாளர்களுக்கு இதைவிட நல்ல பரீட்சை நான் அறியேன். அவள் கையைக் கழுவிவிட்டு, பொட்டலத்தைத் தொடாமல், லிட்டர் பாட்டிலைத் தேடினாள்.