பாறைக்குள் நடக்கும் வேலை

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவரிடம் நைட்ரேட் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. எத்தனை மாதமாக அந்த அளவிலேயே நிற்கிறது என்று கேட்பேன். பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றினால் 40 பி.பி.எம். (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) 20 ஆகிவிடும், அது யாராலும் முடியும். மீனுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, பவளத்துக்கும் குறை வைக்காமல், அரை வருடம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் 5-ஐத் தாண்டாமல் நிற்கிற தொட்டிதான் கைதேர்ந்தவரின் தொட்டி. அப்படி ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால், நீந்துகிற மீன்களைவிட அந்த எண்ணை நிறுத்தி வைத்திருக்கும் ஏற்பாட்டின் முன்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

நைட்ரேட் தீனியில் தொடங்குகிறது. மைசிஸ் என்னும் பொடி இறால், பெரிய இறால், மீன்துண்டு எல்லாம் புரதம். புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. மீன் அதைத் தின்று செவுள் வழியே அம்மோனியாவாக விடுகிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்க, இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. அம்மோனியா மீனைக் கொன்றுவிடும். நைட்ரேட் அப்படிச் செய்வதில்லை, அதனாலேயே கவனத்துக்கு வராமல் சேர்ந்துகொண்டே போகிறது. பவளத்திட்டின் மேல்நீரில் அது 1 பி.பி.எம்.முக்கு வெகு கீழே இருக்கும். வீட்டுத் தொட்டியில் விட்டுவிட்டால் 50, 100 என்று ஏறும். மீன் தாங்கிக்கொள்ளும். பவளம் நிறம் மங்கிப் பழுப்பாகும், பாறை முழுக்கப் பச்சை இழைப்பாசி படரும்.

இந்தக் கலையின் வரலாற்றில் நான் முதலில் வணங்கும் பெயர் லீ சின் எங். ஜகார்த்தாக்காரர். பவளத்திட்டிலிருந்து உயிரோடு எடுத்த பாறை, கடல்நீர், வெயில், மெல்லக் குமிழ் விடும் ஒரு காற்றுக்குழாய்: தன் முறை இவ்வளவுதான் என்று 1961-ல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். வடிகட்டி என்று தனியாக எதுவும் இல்லை. அதன்பின் 1980-களில் உலகம் நேர் எதிர்த்திசையில் போனது. பிளாஸ்டிக் உருண்டைகள் நிரப்பிய பெட்டியின் மேல் தண்ணீரைச் சொட்டவிடும் வடிகட்டிகள் வந்தன. உருண்டைகளைச் சுற்றி எப்போதும் காற்று. அம்மோனியா காணாமல் போனது. ஆனால் பிராணவாயு நிறைந்த அந்தப் பெட்டியில் கதை நைட்ரேட்டோடு முடிந்துவிடும். அதை மேலே கொண்டுபோக ஆளில்லை. வளர்ப்பவர்களே அதற்கு நைட்ரேட் தொழிற்சாலை என்று பெயர் வைத்தார்கள். பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் இந்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, நிறைய உயிர்ப்பாறையும் நுரையால் அழுக்கைப் பிரிக்கும் வலுவான ஒரு ஸ்கிம்மரும் போதும் என்று காட்டினார்கள். இன்றும் அதன் பெயர் பெர்லின் முறைதான்.

ஓர் உயிர்ப்பாறையைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் தெரிவது அதன் கனமின்மை. உள்ளே முழுக்க நுண்துளைகள். மேல்தோலில் ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி, நடுநடுவே குழாய்ப்புழுக்கள், இரவானால் வெளியே நீளும் ஏதோ ஒரு மெல்லிய கை. மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடுவதால், உள்ளே போகப்போக அது தீர்ந்துவிடுகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் மூச்சுக்கு வேறு வழியில்லாமல் நைட்ரேட்டிலிருந்து ஆக்ஸிஜனை உருவிக்கொள்கின்றன. மிச்சம் நைட்ரஜன் வாயு. அது நீரிலிருந்து வெளியேறி, நாம் சுவாசிக்கும் காற்றோடு கலந்துவிடுகிறது. தீனியாக உள்ளே போன நைட்ரஜன், யாரும் எதையும் அள்ளிக் கொட்டாமல் தானாகவே வீட்டைவிட்டுப் போகிறது. இந்தத் துறையில் இதைவிட அழகான ஒன்றை நான் கண்டதில்லை.

அழகு என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பாறையின் துளைகளில் கசடு அடைந்தால் உள்ளே தண்ணீர் போகாது. பாறையே அழுக்கைத் தேக்கி நைட்ரேட்டைக் கக்கத் தொடங்கும். ரப்பர் குமிழ் வைத்த நீளக் குழாயால் பாறை இடுக்குகளை அவ்வப்போது ஊதிவிடும் பழக்கம் உள்ளவரை நான் உடனே அடையாளம் கண்டுகொள்வேன். அவர் பாறைகளைச் சுவர்போல அடுக்கியிருக்க மாட்டார். நான்கு பக்கமும் நீர் ஓட, அங்கங்கே மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி வைத்திருப்பார். நம்மூரில் இன்னொரு பொறுப்பும் உண்டு. பாறை கட்டும் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டுகூட நம் கூடத்துக்கு வரவேண்டியதில்லை. செயற்கைப் பாறையிலும், நுண்துளைப் பீங்கான் கட்டிகளிலும் இதே பாக்டீரியாக்கள் குடியேறும். சில மாதங்கள் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஸ்கிம்மரைப் பலர் நைட்ரேட் எடுக்கும் கருவி என்று நினைத்து வாங்குகிறார்கள். அது நைட்ரேட்டைத் தொடவே தொடாது. பொடிப்பொடியான காற்றுக்குமிழ்களின் மேல் புரதமும் கொழுப்பும் ஒட்டிக்கொள்ளும். நுரை மேலேறி மேல் கிண்ணத்தில் வழியும். அதாவது அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே அழுக்கைப் பிடித்துவிடுகிறது, அதிலிருந்து நைட்ரேட் உண்டாக விடாமல். இரண்டு நாள் கழித்துக் கிண்ணத்தைக் கழற்றினால் ஃபில்டர் காபியின் முதல் டிக்காஷன் நிறத்தில், மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு ஒரு திரவம் இருக்கும். அந்தக் கருமையைப் பார்க்கும்போது வரும் திருப்தி, கிண்ணம் கழுவியவர்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீர் மாற்றுவதைப் பற்றி ஒரு கணக்கு. வாரம் 5 பி.பி.எம். நைட்ரேட் உண்டாகும் தொட்டியில், வாரம் தவறாமல் கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் எண் எங்கே போய் நிற்கும்? 20-க்கும் 15-க்கும் நடுவில். மாற்றும் முன் 20, மாற்றியபின் 15, வார முடிவில் மறுபடி 20. எத்தனை வருடம் மாற்றினாலும் அதற்குக் கீழே போகாது. வாளி தூக்கியே நைட்ரேட்டை வென்றுவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். உண்டாவதைக் குறைக்க வேண்டும், அல்லது உண்டானதைத் தின்ன ஓர் உயிர் வேண்டும்.

ஊற்றும் தண்ணீரும் சுத்தமா? குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம் என்பது இந்திய அளவுகோல். குடிக்க அது சரி. சென்னைக் கோடையில் 200 லிட்டர் தொட்டியிலிருந்து நாளுக்கு 3 லிட்டர் ஆவியானால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அந்த 45 மில்லிகிராம் தண்ணீரையே ஈடு ஊற்றிவந்தால் ஒரு மாதத்தில் தொட்டியில் சுமார் 20 பி.பி.எம். கூடியிருக்கும், மீன் ஒன்றுகூட இல்லாமலே. ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியைப் பிடிக்கும். கசிந்து வருவதை அதற்குப் பின்னால் வைக்கும், அயனிகளை ஈர்க்கும் டி.ஐ. ரெசின் பிடிக்கும். இரண்டும் வேண்டும்.

தின்னும் உயிர்களில் என் விருப்பம் கீட்டோமார்ஃபா பாசி. கடைகளில் சீட்டோ. மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் அடித்தொட்டியில் ஓர் அறை ஒதுக்கி, விளக்குப் போட்டு, ஒரு பிடி பச்சைச் சிக்கலாக விட்டால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று பருத்துவிடும். கையில் எடுத்தால் நைலான் நூல்போல் விறைப்பாக இருக்கும், உதறினால் பொடி இறால்பூச்சிகள் சிதறும். அவை மீனுக்கு விருந்து. வாரத்துக்கு ஒரு கொத்து பிய்த்து எறிந்தால் அதன் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் அதோடு போகிறது. கெட்டிக்காரர்கள் மேல்தொட்டியில் விளக்கணைந்தபின் கீழே விளக்கேற்றுவார்கள், இரவில் பி.எச். சரிவது அதனால் குறையும். திராட்சைக் கொத்துப்போல் இருக்கும் காலெர்பாவும் இதே வேலையைச் செய்யும், பார்க்கவும் அழகு. ஆனால் சிலசமயம் ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்குத் தன்னையே கரைத்துக்கொண்டு, தின்றதையெல்லாம் நீரில் திரும்பக் கொட்டிவிடும். நான் சீட்டோவின் பக்கம்.

வோட்காவும் வினிகரும் ஊற்றும் முறை ஒன்று உண்டு. பாக்டீரியா பெருகக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் வேண்டும். தொட்டியில் கார்பன்தான் பற்றாக்குறை. அதை வோட்காவாகவோ வினிகராகவோ சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் பாக்டீரியா பெருகி நைட்ரேட்டை உடம்பில் ஏற்றிக்கொள்ளும். ஸ்கிம்மர் அந்த பாக்டீரியாவை வாரி வெளியே போடும். அருமையான யோசனை, அவசரக்காரர்களுக்கு ஆகாது. அளவு மீறினால் ஒரே இரவில் தண்ணீர் பாலாகி, பிராணவாயு தீர்ந்து, விடியும்போது மீன்கள் மேலே வாய்பிளந்து நிற்கும். கந்தகம் நிரப்பிய குழாய்வழியே தண்ணீரைச் சொட்டவிடும் கருவியும் இருக்கிறது. நைட்ரேட்டைத் துடைத்தெடுத்துவிடும், ஓட்டம் கொஞ்சம் குறைந்தால் அழுகிய முட்டை நாற்றம். பெரிய தொட்டிக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

அளவிடுவதிலும் கைநேர்த்தி உண்டு. டெஸ்ட் கிட்டின் மருந்து நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஆகவே புதுத் தொட்டியில் நைட்ரைட் மிச்சமிருந்தால் எண் பொய்யாக ஏறும். அடியில் படிந்த தூளை நன்றாகக் குலுக்காவிட்டால் பொய்யாக இறங்கும். சில கிட்கள் நைட்ரஜனை மட்டும் எண்ணிச் சொல்கின்றன, அதை 4.4-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட். குப்பியை வெள்ளை அட்டைமேல் நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் மேலிருந்து குனிந்து பார்த்து, வெளிறிய ரோஜா நிறத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிப்பவரின் கண் பழகிய கண்.

இறக்கும்போதும் நிதானம் வேண்டும். பல மாதம் 80-ல் இருந்த பவளத்தை ஒரு வாரத்தில் 5-க்குக் கொண்டுவந்தால் அது வெளிறிப்போகும். பூஜ்ஜியம் இன்னும் மோசம். பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிக்கு நைட்ரஜன் உணவு. அது கிடைக்காவிட்டால் பவளமும் பட்டினி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு தீர்ந்த தொட்டிகளில் டைனோஃப்ளாஜெல்லேட்கள் என்னும் நுண்ணுயிர்கள் கிளம்பி, பழுப்புச் சளிபோல் மணலை மூடி, அதற்குள் குமிழ்களைத் தொங்கவிடும். அதைவிட மொண்டியான தொல்லை இந்தத் தொழிலில் இல்லை. 2-லிருந்து 10 வரை என்பதே என் கணக்கில் நல்ல இடம். பாறை முதிர்ந்து, சீட்டோ செழித்து, எண் 1-ஐத் தொடும் நிலை வந்துவிட்டால், தேர்ந்தவர் புதிதாக எந்தக் கருவியும் தேடமாட்டார். சீட்டோவின் விளக்கை இரண்டு மணி நேரம் குறைப்பார், மீனுக்குத் தினம் இன்னொரு வேளை தீனி போடுவார், இடமிருந்தால் ஒரு ஜோடி கோமாளி மீனும் வாங்கி விடுவார்.