"தூக்கு நீதிபதி" ஐசக் பார்க்கர்

1838-இல் ஒகையோவில் பிறந்த ஐசக் பார்க்கர், மிசூரியிலிருந்து இருமுறை அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வானவர். 1861-இல் மேரி ஓ'டூலை மணந்தார், இரு மகன்கள். 1875-இல் ஆர்க்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் கூட்டாட்சி நீதிபதியானார். செவ்விந்தியர் ஆட்சிப்பகுதியும் இவரது அதிகார வரம்புக்குள் இருந்தது. 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார். 79 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

"தூக்கு நீதிபதி" என்ற பெயர் இவருக்குப் பாதிதான் பொருந்தும். கொலைக் குற்றம் உறுதியானால் மரண தண்டனையைச் சட்டமே கட்டாயமாக்கியிருந்தது. அதைக் குறைக்க இவருக்கு அதிகாரமில்லை. இவரை உண்மையில் குறைகூற வேண்டிய இடம் வேறு: சான்றாயர் குழுவுக்கு இவர் தந்த நீண்ட அறிவுரைகள் அரசுத் தரப்புக்கே சாய்ந்தன. 1889-இல் மரண தண்டனை வழக்குகளுக்கு மேல்முறையீட்டு உரிமை வந்தபின், அவ்வறிவுரைகளில் பிழைகண்டு உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளை ரத்து செய்தது. 1875 செப்டம்பர் 3 அன்று ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்ட ஆறு பேருக்கோ, குடியரசுத் தலைவரின் கருணையன்றி வேறு வழி இருந்ததில்லை.