விடைக்கு முன் கேள்வி: ஒரு விரிவுரைத் தொடரை எப்படி ரசிப்பது?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2019-ல் பேராசிரியர் இயன் ஷபிரோ ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தினார். தலைப்பு: ‘இன்றைய உலகில் அதிகாரமும் அரசியலும்’. டிவேன் விரிவுரைகள் என்ற வரிசையில் நடந்ததால் மாணவர்களோடு நியூ ஹேவன் ஊர்மக்களும் கட்டணமின்றி வந்து உட்கார்ந்து கேட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட அந்த உரைகளை இன்று யூடியூபில் யாரும் பார்க்கலாம். அரசியல், பொருளாதாரம், வரலாறு மூன்றையும் தனித்தனிப் பாடமாக ஆக்காமல் ஒன்றாகப் பின்னிக் கொண்டுபோகும் தொடர் இது. பட்டம் வேண்டாம், தேர்வு வேண்டாம் என்கிற நமக்குத்தான் இதை ரசிக்கக் கூடுதல் சுதந்திரம் இருக்கிறது.

எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பாருங்கள்

வரலாறு சொல்பவர் எந்த ஆண்டைத் தொடக்கமாக வைக்கிறார் என்பதிலேயே அவருடைய வாதம் பாதி தெரிந்துவிடும். ஷபிரோ 1991-ஐ எடுத்துக்கொள்கிறார். அந்த டிசம்பர் 25-ல் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகினார், சோவியத் ஒன்றியம் முடிவுக்கு வந்தது. இனி மக்களாட்சியும் சந்தையும் உலகெங்கும் பரவும் என்ற நம்பிக்கை மேற்கில் உச்சத்தில் இருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2016-ல், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது. அமெரிக்காவில் டிரம்ப் வென்றார். அங்கிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தோம்? தொடர் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுகிறது.

1991-க்குப் பதிலாக 1945-லோ 1973 எண்ணெய் நெருக்கடியிலோ தொடங்கியிருந்தால் கதை எப்படி மாறியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முதல் உரையிலேயே வெறும் கேட்பவராக இல்லாமல் வாதத்தில் பங்கேற்பவராக ஆகிவிடுவீர்கள்.

புதிர் வந்ததும் நிறுத்துங்கள்

நல்ல விரிவுரையாளர் தகவலை அடுக்குவதற்கு முன் ஒரு புதிரை வைப்பார். அணு ஆயுதமும் பெரும் படையும் கையில் இருந்த சோவியத் ஆட்சி, ஏறக்குறைய போரே இல்லாமல் எப்படிக் கலைந்தது? அதிகாரத்தில் இருப்பவர்கள் தாமாக விட்டுக்கொடுப்பது வழக்கமில்லையே!

இன்னொரு புதிர் எனக்கு மிகவும் பிடித்தது. இறந்தவரின் சொத்துமீது அமெரிக்க மத்திய அரசு விதிக்கும் வரி 1916-லிருந்து இருந்துவருகிறது. இந்தியாவில் 1953-ல் வந்து 1985-ல் நீக்கப்பட்ட எஸ்டேட் டியூட்டியின் இனம் அது. அமெரிக்க வரியைக் கட்டியவர்கள் மிகப் பெரிய பணக்காரர்கள், இறப்பவர்களில் 2 சதவீதம் பேர்தான். இருந்தும் அதை ஒழிக்க வேண்டும் என்ற இயக்கத்துக்குப் பொதுமக்களின் ஆதரவு திரண்டது. வரியைப் படிப்படியாகக் குறைத்து 2010-ல் ஓராண்டுக்கு இல்லாமலே ஆக்கும் சட்டம் 2001-ல் நிறைவேறியது. 2011-ல் வரி திரும்பி வந்தது. ஒருநாளும் கட்டப்போகாத வரியை எதிர்க்கச் சாமானியர்கள் ஏன் முன்வந்தார்கள்?

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் விடையை இரண்டு வரியில் எழுதுங்கள். பிறகு ஓட விடுங்கள். ஷபிரோ சொல்லும் விடை இது: இயக்கத்தின் முகமாகக் கோடீஸ்வரர்கள் வரவில்லை. நிலத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நினைத்த விவசாயிகளும் சிறு தொழில் நடத்தியவர்களும் வந்தார்கள். எதிர்ப்பக்கம் புள்ளிவிவரத்தை நீட்டியது. இந்தப் பக்கம் மனிதர்களின் கதையைச் சொன்னது. ஷபிரோ இதைப் பற்றி மைக்கேல் கிரேட்ஸுடன் சேர்ந்து 2005-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். உங்கள் விடையை அவருடையதோடு ஒப்பிடும்போது கிடைக்கும் சுவை, நேரே விடையைக் கேட்டுக்கொண்டால் கிடைக்காது.

ஒப்பீட்டின் மூட்டுகளைத் தட்டிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்கா, வட அயர்லாந்து, இஸ்ரேல்–பாலஸ்தீனம் மூன்றையும் ஷபிரோ பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். முதலாவதில் 1990-ல் மண்டேலா விடுதலையானார். 1994-ல் எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. இரண்டாவதில் 1998-ல் புனித வெள்ளி அமைதி ஒப்பந்தம் வந்தது. மூன்றாவதில் 1993-ல் ஒஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானது, 1995-ல் இஸ்ரேல் பிரதமர் ராபின் கொல்லப்பட்டார், அமைதி கைகூடவில்லை.

மூன்றுக்கும் எது பொது, எது வேறு என்று இரண்டு பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தொழிலதிபர்கள் யார் பக்கம் நின்றார்கள்? 1985-லேயே தென்னாப்பிரிக்கப் பெருமுதலாளிகள் சிலர் ஜாம்பியாவுக்குப் போய், மண்டேலாவின் இயக்கமான, தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். பொருளாதாரம் அரசியலுக்குள் நுழையும் வாசல் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே, தனித் தலைவர்களின் துணிவுக்கும் தற்செயலுக்கும் எவ்வளவு பங்கு என்றும் கேளுங்கள். ஷபிரோ பிறந்தது தென்னாப்பிரிக்காவில். அந்த அனுபவம் அவர் பார்வையைக் கூர்மையாக்குகிறதா, ஒரு பக்கம் சாய்க்கிறதா என்பதையும் எடைபோடுங்கள்.

பின்னால் நடந்ததைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்

நேட்டோ ராணுவக் கூட்டணி கிழக்கே விரிந்த வரலாற்றுக்கு ஓர் உரை உண்டு. 1999-ல் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு; 2004-ல் பால்டிக் நாடுகள் உட்பட ஏழு நாடுகள்; 2008-ல் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்ற அறிவிப்பு. உரை நிகழ்ந்தது 2019-ல். ரஷ்யா உக்ரைன்மீது முழுப்படையெடுப்பு நடத்தியது 2022-ல். இன்று கேட்கும்போது அன்றைய அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். ஆரூடம் பலித்ததா என்று மதிப்பெண் போடுவதில் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு முடிவின்போதும் வேறு என்ன வழி திறந்திருந்தது என்று தேடுங்கள். வரலாற்றுக் கல்வியின் பலன் அதில்தான் இருக்கிறது.

இழையை விடாதீர்கள்

2008 நிதி நெருக்கடி, அதில் வீடிழந்தவர்கள், அதற்குப் பின் எழுந்த கோபம் என்று வரும் பிற்பகுதி உரைகளை அடுத்தடுத்துப் பாருங்கள். இடைவெளி விட்டால் வாதம் அறுந்துபோகும். ஏற்றத்தாழ்வைவிட, இருப்பதை இழந்துவிடுவோமோ என்ற அச்சம்தான் மக்களை அதிகம் அசைக்கிறது என்ற எண்ணத்தை நோக்கி அவை நகர்கின்றன. கடைசி உரைகள் வேலை, கல்வி, மருத்துவக் காப்பீடு என்று தீர்வுகளுக்கு வருகின்றன. நோயைச் சொன்ன அளவுக்கு மருந்தும் வலுவாக இருக்கிறதா என்று கறாராகக் கேட்க வேண்டிய இடம் இது.

பட்டிமன்றம் கேட்டுப் பழகியவர்கள் நாம். நடுவர் தீர்ப்புக்காகக் காத்திருப்போம். இங்கே நடுவர் நாற்காலி கேட்பவருடையது. வாரத்துக்கு இரண்டு உரை போதும். கூடவே ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உரைக்கும் பிறகு, ஒப்புக்கொள்ள முடியாத ஒரு கருத்தையாவது அவரிடம் காரணத்தோடு சொல்லுங்கள். பேராசிரியரை மறுக்கும் அளவுக்கு அவர் வாதம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால், அந்த வகுப்பை நீங்கள் முழுமையாக ரசித்துவிட்டீர்கள்.