கதைக்கு வால் எதற்கு?

காவியத்துக்கு உரை உண்டு. உரைக்கு மறுப்புரை உண்டு. மறுப்புரைக்கு மேடை உண்டு. சிறுவர் நூலுக்கோ, "நல்ல கதை, நல்ல படம், குறைந்த விலை" என்ற அளவிலே மதிப்புரை முடிந்துவிடுகிறது. ஏன்? படிப்பவர் சிறியவர், ஆதலால் நூலும் சிறியது என்ற நினைப்பு! எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நாற்பது வயதினரின் கையிலே தீய நூலொன்று சிக்கினால், அவர் முன்னமே கொண்டுள்ள கருத்தோடு அது மோத வேண்டும். மோதித் தோற்கவும் கூடும். எட்டு வயதுப் பிள்ளையிடம் அத்தகைய அரண் ஏது? கதவு திறந்திருக்கிறது, வந்தது உள்ளே அமர்ந்துகொள்கிறது.

ஆசிரியப் பணியிலே இருக்கும் நாம், அண்மையிலே சிறுவர்க்கும் இளையோர்க்குமான நூல்கள் பலவற்றை அடுத்தடுத்துப் படித்தோம். காரணம் எளியது. வகுப்பறை அலமாரியிலே இடம் குறைவு; அதை நிரப்பும் பணம் அதனினும் குறைவு. வாங்கும் ஒவ்வொரு நூலும், வாங்காமல் விட்ட பத்து நூல்களின் இடத்திலே அமர்கிறது. தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல் வேண்டும். மொழி எளிதாயிருக்க வேண்டும். கதை ஓட வேண்டும். இவை வேண்டுவன, ஆனால் போதுமானவை அல்ல. நாம் கைக்கொண்ட அளவுகோல் இது: கதைக்குள்ளே ஒரு பிள்ளை கேள்வி கேட்கிறது, அந்தக் கேள்வியை நூல் என்ன செய்கிறது? வளர்க்கிறதா? வாயை அடைக்கிறதா? அல்லது, கேட்பதற்கு முன்பே விடையை ஊட்டி, கேட்கும் பசியையே போக்கிவிடுகிறதா?

முதலில் இனிப்பான நூலை எடுத்துக்கொள்வோம். ரோல்டு டால் எழுதிய 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி', 1964இல் வெளிவந்தது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத கதை, அதை மறுப்பதற்கில்லை. சார்லியின் தந்தை பற்பசை ஆலையிலே குழாய்களுக்கு மூடி திருகும் தொழிலாளி. ஆலை மூடப்படுகிறது, வேலை போகிறது, முட்டைக்கோசுச் சாறே உணவான வீட்டிலே, அந்த உணவும் குறைகிறது. இதுவரையிலே டாலின் பேனா பொய் பேசவில்லை. பசி எப்படிப் பிள்ளையின் நடையை மெதுவாக்குகிறது என்பதைக்கூட அவர் கண்டு எழுதுகிறார்.

பிறகு பொற்சீட்டு கிடைக்கிறது. வில்லி வோங்காவின் ஆலைக் கதவு திறக்கிறது. உள்ளே நாம் காண்பதென்ன? செய்முறையைத் திருடும் ஒற்றர்கள் புகுந்துவிட்டார்கள் என்பதற்காக, ஊர்த் தொழிலாளர் அனைவரையும் முன்னொரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டவர் அந்த முதலாளி. அவர்களுக்குப் பதிலாக, தொலைநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட 'ஊம்பா லூம்பா' என்னும் குள்ள மக்கள் உழைக்கிறார்கள். கூலி, கொக்கோ விதை. ஆலையை விட்டு அவர்கள் வெளியே வருவதில்லை. புதிய தின்பண்டங்கள் அவர்கள் உடலிலேயே சோதித்துப் பார்க்கப்படுகின்றன. முதற்பதிப்பிலே இவர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து பெட்டிகளிலே அடைத்துக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்கள்! அமெரிக்காவிலே கண்டனம் எழுந்தது. 1973ஆம் ஆண்டுப் பதிப்பிலே, கற்பனை நாட்டிலிருந்து வந்த வெண்ணிறத்தவராக அவர்கள் மாற்றப்பட்டார்கள். தோலின் நிறம் மாறியது, கூலி மாறவில்லை!

இன்னும் ஒன்று. பெருந்தீனிப் பிள்ளைக்கும் பிடிவாதப் பிள்ளைக்கும் தண்டனை கிடைக்கும்போதெல்லாம், நீதிப் பாட்டுப் பாடுவோர் யார்? அதே கொக்கோ விதைக் கூலிகள்தாம். முதலாளியின் நீதி, தொழிலாளியின் வாயிலிருந்து பாட்டாக வருகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மைக் என்னும் சிறுவன் ஒரு நேரிய கேள்வி கேட்கிறான்: மெல்லும் பிசின் அவ்வளவு அருவருப்பானது என்றால், உமது ஆலையிலே அதை ஏன் செய்கிறீர்? வோங்காவின் விடை என்ன? நீ வாய்க்குள்ளே முணுமுணுக்கிறாய் என்பதுதான்! கேட்ட மைக், கதையின் பிற்பகுதியிலே விரலளவுக்குச் சுருங்கிப்போகிறான். உறுத்தும் கேள்வி எதையும் எழுப்பாத சார்லிக்கோ, ஆலையே பரிசாகக் கிடைக்கிறது. மூடி திருகிய தந்தையின் தோழர்கள் என்ன ஆனார்கள்? ஆலைக்கு உரியவனாகப் போகும் பிள்ளை அதைக் கேட்கவில்லை, நூலும் கேட்கவில்லை.

இந்நூலைத் தள்ளிவிட வேண்டுமா? வேண்டா. தடை என்பது கேள்விக்கு நண்பனன்று. பிள்ளைகள் படிக்கட்டும், சிரிக்கட்டும். படித்து முடித்தபின், மைக்கின் கேள்வியை நாம் உரக்கப் படித்துக் காட்டுவோம்; பிள்ளைகளே விடை கூறட்டும்.

இனி, கேள்வியையே கதையாக்கிய ஒரு நூல். ஈரான் நாட்டுச் சமத் பெஹ்ரங்கி எழுதிய 'சின்னஞ்சிறு கறுப்பு மீன்', 1968இல் வெளிவந்தது. தப்ரீசு நகரிலே 1939இல் பிறந்த பெஹ்ரங்கி, பதினெட்டு வயதிலேயே சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரானார். அவர் கற்பித்த பிள்ளைகளுக்கு வீட்டு மொழி துருக்கி இனத்தைச் சேர்ந்த அசர்பைசானி. பாடநூலின் மொழியோ பாரசீகம். அந்தப் பிள்ளைகளிடையே வாழ்ந்து, அவர்கள் ஊர்க் கதைகளைத் தொகுத்து, கல்விமுறையின் குறைகளைச் சாடி நூல் எழுதிய அவர், கறுப்பு மீன் வெளிவந்த அதே ஆண்டிலே, அராஸ் ஆற்றிலே மூழ்கி, 29ஆம் அகவையிலே மறைந்தார்.

கதை இது: ஓடை எங்கே முடிகிறது என்று கேட்கிறது ஒரு குட்டி மீன். தாய் அஞ்சுகிறாள், அண்டை வீட்டார் சினக்கிறார்கள், இத்தகைய எண்ணங்களைப் பரப்பியதாக ஒரு நத்தையை முன்னமே கொன்றுவிட்ட கூட்டம் அது. மீன் புறப்படுகிறது. தம் குட்டையே உலகம் என்று நம்பி, குலப்பெருமை பேசும் தலைப்பிரட்டைகளைக் காண்கிறது, பெலிக்கன் பறவையின் பையிலே சிக்கி, பல்லியொன்று தந்த கத்தியால் கிழித்து மீள்கிறது, கடலைக் காண்கிறது, நாரையின் வயிற்றிலே, வேறொரு சிறு மீனைத் தப்பவைத்துத் தான் மறைகிறது. இக்கதையைக் கிழ மீன் ஒன்று, தன் 12,000 பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்கிறது. 11,999 குட்டிகள் உறங்கிவிடுகின்றன. ஒரு சிவப்புக் குட்டி மட்டும் உறங்கவில்லை. இரவெல்லாம் கடலையே எண்ணிக்கொண்டிருக்கிறது.

குறை இல்லையா? உண்டு. தாயும் அண்டையாரும் அச்சத்தின் பொம்மைகளாகவே நிற்கிறார்கள். அவர்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்று நூல் கேட்பதில்லை. கறுப்பு மீன் எல்லாரையும் ஐயுறுகிறது, தன்னை ஐயுறுவதில்லை. ஆயினும் முடிவைப் பாருங்கள். "ஆகவே பிள்ளைகளே, நீங்களும் துணிக" என்று கிழ மீன் கூறவில்லை, உறங்கப் போய்விடுகிறது! கேள்வி, கேட்டவர்களிடமே விடப்படுகிறது. பன்னிரண்டாயிரத்திலே ஒன்றுதான் விழித்திருக்கிறது என்று எழுதிய கை, வகுப்பறையை நன்கறிந்த ஆசிரியரின் கை.

மூன்றாவது நூல், நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது. கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை'. 'இடியே முழங்கு, என் ஓலத்தைக் கேள்' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 1977இல் பெற்ற நாவல். களம், 1933ஆம் ஆண்டின் மிசிசிப்பி. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து உண்டு; நடந்து செல்லும் கறுப்புப் பிள்ளைகளுக்கு, அது வாரி இறைக்கும் சேறுதான் உண்டு.

முதல் இயலிலேயே அந்தக் காட்சி வருகிறது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகப் பாடநூல் தரப்படுகிறது. தூய்மையை விரும்பும் பிள்ளை அவன். நூல் அழுக்கேறிக் கிடக்கிறது, பணிவோடு வேறொன்று கேட்கிறான், கிடைக்கவில்லை. அட்டையின் உட்புறத்தைப் பார்க்கிறான். அங்கே ஓர் அட்டவணை: நூல் வழங்கிய நாள், நூலின் நிலை, பெற்ற மாணவரின் இனம். புதிதாக இருந்தபோது வெள்ளைப் பிள்ளை. ஆண்டுதோறும் நைந்து, மிக மோசம் என்ற நிலைக்கு வந்தபின்பு, இனம் என்ற கட்டத்திலே கறுப்பு மக்களைக் குறிக்கும் ஓர் இழிசொல்! சிறுவன் நூலை வீசி எறிந்து மிதிக்கிறான். அவனுடைய அக்காள், ஒன்பது வயது கேசி, ஆசிரியையிடம் அட்டவணையைக் காட்டி விளக்குகிறாள். அந்த ஆசிரியையும் கறுப்பின மாதுதான். அவருக்குப் புரியவில்லை என்பதன்று. அதிலே தவறென்ன என்பதுதான் அவருக்குப் புரியவில்லை! இருவருக்கும் பிரம்படி விழுகிறது.

பிள்ளைகளின் தாயும் அதே பள்ளியின் ஆசிரியை. அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை. பசையும் தாளும் எடுத்து, அந்த அட்டவணைகளின்மேல் ஒட்டுகிறார்; அவ்வளவே. நிலைமையைப் பிள்ளைகள் ஒருநாள் அறிந்துதானே ஆகவேண்டும் என்கிறார் பிரம்பெடுத்த ஆசிரியை. அறியலாம், ஏற்கவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பது தாயின் விடை. பின்னர், பாடநூலிலே இல்லாத அடிமைமுறை வரலாற்றைக் கற்பித்ததற்காக அவருடைய வேலை பறிக்கப்படுகிறது; ஒட்டிய தாளும் குற்றச்சாட்டிலே சேர்கிறது. ஒரு துண்டுத் தாளின் விலை ஒரு குடும்பத்தின் வருவாய் என்று டெய்லர் காட்டுகிறார், நீதி கூறவில்லை. நிலம், அடமானம், குத்தகை பற்றிய பகுதிகளிலே இளம் வாசகருக்குத் துணை வேண்டியிருக்கும். ஆனால் அந்த அட்டவணையை விளக்கத் துணை வேண்டியதில்லை. சாதிப் பெயர் சொல்லி இழிக்கப்பட்ட பிள்ளை, அதை ஒரே பார்வையிலே படித்துவிடும்.

தமிழிலும் கிடைக்கும் 'டோட்டோ-சான்' பற்றிச் சுருங்கக் கூறலாம். அறியாத ஆசிரியர் குறைவு. தெட்சுகோ குரோயநாகி, தம் இளமைப் பள்ளியைப் பற்றி 1981இல் வெளியிட்ட நூல். பழைய இரயில் பெட்டிகளிலே வகுப்புகள். புதிதாக வந்த சிறுமியின் பேச்சை நான்கு மணி நேரம் கேட்ட தலைமையாசிரியர் கோபயாசி. படிக்கிறோம், கண் கலங்குகிறோம், மறுநாள் பிரம்பைத் தேடுகிறோம்! இந்நூலைப் புகழ்வது எளிதாகிவிட்டதே அதன் தீங்கு. புகழ்வோர் விட்டுவிடும் இடங்கள் இரண்டு. உடல் வளராத ஒரு மாணவனிடம், உனக்கு வால் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்ட ஆசிரியையை, பிள்ளைகள் காணாத இடத்திலே கோபயாசி கடிந்துகொள்வது ஒன்று. கொரியச் சிறுவன் மசாவோ, டோட்டோவைப் பார்த்து "கொரியக்காரி!" என்று கத்துவது மற்றொன்று. தன்மேல் வீசப்பட்ட சொல் தன் இனத்தின் பெயர் என்பதையே அவன் அறியான். வசைச்சொல் என்று கருதித் திருப்பி வீசுகிறான். ஓர் ஆட்சி ஒரு பிள்ளையின் நாவிலே என்ன செய்கிறது என்பதற்கு, இதனினும் சிறந்த பாடம் வேறென்ன?

வெளிநாட்டு நூல்களை எடைபோட்ட அதே தராசை, நம் பக்கமும் திருப்ப வேண்டும். சீர்திருத்தம் பேசும் சிறுவர் கதைகள் நம்மிடம் உண்டு. அவற்றுள் பல ஒரே அச்சிலே வார்த்தவை. பாட்டி, பூனை குறுக்கே போயிற்று என்று நிற்கிறாள். பேரன் இரண்டு பக்கம் சொற்பொழிவு நிகழ்த்துகிறான். பாட்டி திருந்துகிறாள், ஊர் கைதட்டுகிறது, கடைசி வரியிலே கட்டம் கட்டி நீதி. கருத்து நம் கருத்துத்தான். ஆனால் கதை? பாட்டியின் பழைய அதிகாரம் போய், பேரனின் புதிய அதிகாரம் வந்தது. தலையாட்டும் பொம்மைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன! பகுத்தறிவை மனப்பாடம் செய்தவன், நாளை வேறொருவர் உரக்கச் சொன்னால், வேறொன்றையும் மனப்பாடம் செய்வான்.

அந்தப் பேரன் பேசாமல், ஒரு குறிப்பேடு எடுத்திருக்கலாமே! பூனை குறுக்கே போன நாள் எத்தனை, போகாத நாள் எத்தனை, எந்த நாளிலே பால் கொட்டியது, எந்த நாளிலே பாட்டியின் காரியம் கைகூடியது என்று ஒரு திங்கள் எழுதியிருக்கலாமே! பாட்டியையே எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கலாமே! கதை அங்கே பிறந்திருக்கும். விடையும் பிறந்திருக்கும் — படிக்கும் பிள்ளையின் மண்டையிலே.

எனவே எழுதும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கதைக்கு வால் வேண்டா, கட்டம் கட்டிய நீதியை வெட்டி எறியுங்கள். அதை வெட்டினால் கதையே விழுந்துவிடும் என்றால், அஃது எழுந்து நின்றதே இல்லை என்று பொருள். ஆசிரியத் தோழர்களுக்கு மற்றொன்று: கதை முடிந்ததும், "இதனால் அறியப்படும் நீதி யாது?" என்று மதிப்பெண்ணுக்குக் கேட்பதை விடுங்கள். "இந்தக் கதையிலே யாரை நிறுத்தி, என்ன கேட்க விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். முதல் நாள் அமைதி நிலவும். மறுநாள் ஒரு கை எழும். அந்தக் கையை இறக்காதிருப்பதே நம் வேலை. விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைப் பிடுங்கிக்கொள்ளும் நூல், எவர் எழுதியதாயினும், எக்கொள்கை பேசுவதாயினும், பிள்ளைகளின் நூல் அன்று.