வளர்ற பிள்ளைக்குத் தைத்த சிறகு

மே மாதக் கடைசியில் அம்மா என்னை மதுரைப் புதுமண்டபத்துக்கு இழுத்துப் போவாள். தூணுக்குத் தூண் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்குச் சல்லடமும் உருமாலும் தைத்து ஓய்ந்த கைகள் அடுத்ததாகப் பள்ளிச் சீருடைக்கு வந்திருக்கும். "வளர்ற பிள்ளைண்ணே, ரெண்டு இஞ்சு கூடவே வைங்க" என்பாள். "உள்ள மடிச்சு விடுறேன் தாயி, அடுத்த வருசம் பிரிச்சுக்கலாம்" என்பார் தையல்காரப் பெரியவர். மடிப்பெல்லாம் கால் நீளத்துக்குத்தான். இடுப்புக்கு மடிப்பு கிடையாது. ஆறாம் வகுப்பு முழுக்க ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

போன மாதம் மேலூர்த் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். துபாயில் வேலை, அங்கேயே விமானத்திலிருந்து குதிக்கிறான். விங்சூட் என்னும் சிறகு உடுப்பில் அறுபது குதிப்பு முடித்தாயிற்று. "அண்ணே, பெருசுக்குப் போயிரலாமா? இப்பவே வாங்கிட்டா ரெண்டு வருசத்துல அதுக்குத் தக்கன வளர்ந்துருவேன்ல?" அம்மாவின் குரல் அப்படியே கேட்டது.

போனை நீட்டினான். ஃப்ளைசைட் ஜி.பி.எஸ். கருவி காட்டும் கணக்கெல்லாம் பிரமாதம். ஒரு மீட்டர் இறங்க இரண்டரை மீட்டர் முன்னே போகிறான். "பாராசூட் திறக்குற இடத்தைக் காட்டுடா" என்றேன். இல்லை. எல்லா வீடியோவிலும் அந்தக் கடைசிப் பத்து விநாடியை வெட்டிவிட்டுத்தான் வைத்திருந்தான்.

எனக்கு அந்தப் பத்து விநாடிதான் பறப்பே. மற்றதெல்லாம் ஆலாபனை.

(இடையே ஒன்று. உடுக்கிற சூட்டுக்கும் விரிகிற பாராசூட்டுக்கும் தமிழ் ஒரே எழுத்தைக் கொடுத்துக் குழப்புகிறது. எனவே இனி சிறகை உடுப்பு என்றும், பாராசூட்டைக் குடை என்றும், அதை இழுத்து வெளியே கொண்டுவரும் பைலட் சூட்டைக் குட்டிக்குடை என்றும் சொல்லப்போகிறேன்.)

பெரிய உடுப்பின் அழகை மறுக்க நான் யார்? கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். யானைமலைக்கு நேர் மேலே நாலாயிரம் மீட்டரில் விமானத்தை விட்டு இறங்கி, ஆயிரத்து இருநூறில் குடை திறப்பதாக வைத்துக்கொள்வோம். சின்ன உடுப்பில் ஒன்றுக்கு இரண்டு என்று வந்தால் கே.கே.நகர் வரை வரலாம். பெரியதில், நல்ல கை என்றால், ஒன்றுக்கு மூன்றைத் தாண்டி, மீனாட்சியம்மன் கோயில் கோபுரம் தெரிகிற தூரம் அல்ல, ஏறக்குறைய கோபுரத்துக்கே வந்துவிடலாம். அந்த ஆசை யாருக்கும் வரும். ஆனால் கே.கே.நகரில் இறங்கியவன் எப்படி இறங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் குறை.

துணி கூடக்கூட என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே காற்று அடைத்துத் தலையணை போல் இறுகி நிற்கிறது. அந்தத் தலையணையை அமுக்கிக்கொண்டு கை பின்னால் போய், முதுகுப்பையின் அடியில் குட்டிக்குடையின் பிடியைத் தேட வேண்டும். எடுத்ததைச் சும்மா விட்டால் போதாது, வீசியெறிய வேண்டும். முதுகுக்கு மேலே பெரிய உடுப்பு உண்டாக்கும் காற்றில்லாக் குழியும் பெரிது. சோம்பலாக எறிந்த குட்டிக்குடை அதற்குள் விழுந்து நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கிடக்கும். எறியும்போது ஒரு தோள் தாழ்ந்தால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். இதற்காகத்தான் இணைப்புப் பட்டையை நீளமாக்குகிறோம், அடக்கமான ஏழு அறைக் குடையைத் தேடிப்போகிறோம். சாமானை மாற்றலாம்தான். கையை?

ஆகவே என் அளவுகோல் இது. சின்ன உடுப்பில் ஒருவன் குடை திறப்பதைப் பார்க்க உங்களுக்குச் சலிப்பாக இருக்க வேண்டும். கால் சேர்கிறது, இரண்டு கையும் ஒன்றாகப் பின்னால் போகின்றன, ஒன்றாகத் திரும்பி வருகின்றன, தோள் தராசு மாதிரி நிற்கிறது. நூறு தடவையும் அதே. அந்தச் சலிப்பு வந்தபின் பெரியதைப் பற்றிப் பேசலாம். தயாரிப்பாளர்கள் உடுப்புக்கு உடுப்பு இத்தனை குதிப்பு என்று போடும் எண் இருக்கிறதே, அது கீழ்க்கதவின் உயரம் மட்டும்தான். அறுபதில் தயாரானவனையும் பார்த்திருக்கிறேன். முந்நூறில் தயாராகாதவனையும் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர் பட்டியல் நீளம்.

இங்கே பத்ரிக் தெ கயார்தோனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நான் எதைப் பேசினாலும் அவரிடம்தான் வந்து நிற்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவருக்குப் பின் 1999-இல் யாரி குவோஸ்மாவும் ராபர்ட் பெச்னிக்கும் பேர்ட்மேன் என்று கடை விரித்தார்கள். ஊரெல்லாம் உடுப்பு கிடைத்தது. அதற்கு முன்பு தொண்ணூறுகளின் நடுவில், கைக்கு ஒன்று, காலிடையில் ஒன்று என்று தானே வடிவமைத்த மூன்று சிறகோடு பறந்தவர் தெ கயார்தோன். இன்றைய கண்ணுக்கு அது கோவணத்துணி. அந்தத் துணியோடுதான் 1997-இல் ஷமோனி மலைகளுக்கு மேலே பிலாட்டஸ் போர்ட்டரிலிருந்து குதித்து, கூடவே இறங்கிவந்த அதே விமானத்தின் கதவுக்குள் திரும்ப நுழைந்தார்.

அந்தக் குதிப்பின் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எல்லோரும் அவர் விமானத்தை எட்டிப்பிடித்ததைச் சொல்வார்கள். நான் பார்ப்பது அதற்குச் சற்று முந்தியதை. கதவு பக்கத்தில் வந்ததும் அவர் சிறகை விரிப்பதில்லை, விட்டுக்கொடுக்கிறார். கொஞ்சம் தோள், கொஞ்சம் முட்டி. விமானத்துக்கும் அவருக்கும் இடையே வேகவித்தியாசம் ஒன்றுமே இல்லாமல் போகும்வரை தன்னைக் குறைத்துக்கொண்டே வருகிறார். மிதக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். குறைக்கத் தெரிந்தவரை அங்கேதான் பார்த்தேன். 2017-இல் ஃப்ரெட் ஃப்யூஜெனும் வின்ஸ் ரெஃபேயும் அவர் நினைவாக யுங்ஃப்ராவ் உச்சியிலிருந்து குதித்து, கீழே பறந்த போர்ட்டருக்குள் நுழைந்தார்கள். நூறு தடவைக்கு மேல் ஒத்திகை பார்த்திருந்தார்கள். மலையிலிருந்து குதித்து விமானத்துக்குள் போவது இன்னும் கடினம் என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதல் தடவை முதல் தடவைதான்.

தெ கயார்தோன் 1998 ஏப்ரல் 13 அன்று ஹவாயில் இறந்தார். பறப்பில் பிழை இல்லை. குடைப்பையில் அவரே செய்திருந்த ஒரு மாற்றம் காலை வாரிவிட்டது. புதுமண்டபத்துப் பெரியவர் ஒவ்வொரு தையலையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் துணியைக் கொடுப்பார். தெ கயார்தோனின் மரணச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு அந்தத் தையல்காரர் நினைவுதான் வந்தது.

தூரமும் நேரமுமே பெரிது என்னும் எதிர்க்கட்சி ஒன்று உண்டு. அவர்களுக்கு ஜொனாதன் ஃப்ளோரஸ்தான் தெய்வம். 2012-இல் கொலம்பியாவின் குவாஹிராவில் 9 நிமிடம் 6 விநாடி பறந்த மனிதர். 26 கிலோமீட்டருக்கு மேல் போனார். மரியாதை நிறைய இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது நிமிடத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவேன். அதைவிட 2015-இல் கலிபோர்னியாவின் பெரிஸில் அறுபத்தொரு பேர் ஒரே கோலமாக நின்ற காட்சி எனக்குப் பிடிக்கும். தன் புள்ளியைவிட்டு யாரும் மேலே போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது. அந்தக் கூட்டத்தில் மிதப்பவனைப் போல் தொல்லை வேறில்லை. இன்று வாரக்கடைசியில் ஐந்து பேர் சேர்ந்து பறந்தால் இரண்டு பேர் பெரிய உடுப்பில் தலைக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், இறங்கிவரத் தெரியவில்லை. தரைக்கு வந்தபின் "நீங்கதான் ரொம்பச் சீக்கிரம் விழுறீங்க" என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

குறை சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், நானும் அதைச் செய்தவன். வெளிநாட்டில் ஒரு தளம். நண்பருடைய பெரிய உடுப்பு. என் சின்ன உடுப்பான ஃபான்டத்தை அறையில் வைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டேன். பறப்பு சொர்க்கம். குடை திறக்கக் கையைக் கொண்டுபோனால் பிடி இருக்க வேண்டிய இடத்தில் துணிதான் இருந்தது. இரண்டாவது முறையும் துணி. மூன்றாவதில் கிடைத்ததை, ஒரு தோளைச் சாய்த்து, பயத்தோடு எறிந்தேன். முறுக்கு, முறுக்குக்கு மேல் முறுக்கு, சுழற்சி. முறுக்கிய குடையை வெட்டிவிட்டு மாற்றுக்குடையில் இறங்கினேன். உடுப்பின்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்திருந்தபோது ஆறாம் வகுப்புக் கால்சட்டை ஞாபகம் வந்தது. அன்றைக்கும் ஒரு கை துணியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

மேலூர்த் தம்பியை மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போனேன். மைய மண்டபத்துக்கு மேலே செம்பருந்து ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. காற்று வலுத்ததும் மணிக்கட்டை மடித்துச் சிறகைச் சின்னதாக்கிக்கொண்டது, தளர்ந்ததும் விரித்துக்கொண்டது. "பாரு, ஒரே உடுப்புலயே சின்னதும் பெருசும் வச்சிருக்கு" என்றேன். "அதுக்கு ஃப்ளைசைட் இல்லண்ணே" என்று சிரித்தான். கெட்டிக்காரன்.

நம் பக்கம் குதிக்கத் தளம் இல்லை. அவனியாபுரத்துக்கு மேல் தாழ வரும் விமானங்களை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆசைப்பட்டால் ஹரியானாவின் நார்னோலுக்கோ கடல் கடந்தோ போக வேண்டியிருக்கிறது. அதனாலேயே போகிற கொஞ்சநாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் நம் பிள்ளைகளுக்கு. விங்சூட்டைத் தொடுவதற்கே 200 குதிப்பு வேண்டும் என்ற அமெரிக்க விதியைக்கூட, எப்படிச் சுற்றிப்போகலாம் என்று கேட்கிறார்கள்.

நண்பருடைய உடுப்பில் நேர்ந்த அந்த விபத்துக்கு மூன்று வருடம் கழித்து, சலிக்கச் சலிக்கச் சின்னதில் குதித்துவிட்டு, நானும் பெரியது ஒன்று வாங்கினேன். முழங்கால் இப்போது ஒத்துழைப்பதில்லை. அது அலமாரியில் தூங்குகிறது. என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். அளவு பொருந்துகிறவர் யாராவது இருந்தால் காசு வேண்டாம், எடுத்துப்போகலாம். தூரக்கணக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். சின்ன உடுப்பில் குதித்த இருபது வீடியோக்களின் கடைசிப் பத்து விநாடி மட்டும் வேண்டும், வெட்டாமல்.