கிரீடத்தை மட்டும் நம்பலாமா?

1809-இல் கன்டோன்மென்ட் அமைந்த ஊர் பெங்களூரு. மதராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படை 1834 முதல் இங்கேதான் இருக்கிறது. 1868-இல் பெங்களூர் ரைபிள் வாலண்டியர்ஸ் உருவானது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய ராணுவத் தொப்பி பேட்ஜ் கைக்குக் கிடைத்தால் வியப்பில்லை. அது எந்தக் காலத்தது என்று சொல்வதுதான் கடினம். சேகரிப்பாளர்கள் அதற்கு வைத்திருக்கும் வழி எளிமையானது: கிரீடத்தைப் பார், பின்புறத்தைப் பார், உலோகத்தைப் பார். மூன்றுமே பிரிட்டனில் உருவான விதிகள். இங்கே அவை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்?

முதலில் கிரீடம். மேல்வளைவு உருண்டு ஏறினால் அது ‘ராஜா கிரீடம்’; 1901-க்குப் பிந்தியது. நடுவில் தாழ்ந்து பள்ளம் விழுந்தால் ‘ராணி கிரீடம்’. விக்டோரியா காலத்தது, இல்லையேல் 1953-க்குப் பிறகு எலிசபெத் காலத்தது. இந்தியப் படைகளைப் பொறுத்தவரை இந்த இரட்டைக் குழப்பம் இல்லை. 1950-இல் குடியரசானதும் கிரீடம் இருந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்துவிட்டது. ஆகவே இந்தியப் படையின் பேட்ஜில் தாழ்ந்த வளைவு இருந்தால் அது விக்டோரியா காலத்து வடிவமே. விதியின் பலம் இது. பார்த்த மாத்திரத்தில் அரை நூற்றாண்டைக் கழித்துக் கொடுத்துவிடுகிறது.

பலவீனமும் அங்கேயேதான். ராஜா கிரீடம் என்றால் இந்தியாவில் அரை நூற்றாண்டு. அதற்குள் இரண்டு உலகப் போர்கள். எந்தப் போர் என்று கிரீடம் சொல்லாது. போதாக்குறைக்கு, 2022-இல் அரியணை ஏறிய மூன்றாம் சார்லஸ் பழைய உருண்ட வடிவத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டார். இனி பிரிட்டிஷ் பேட்ஜில் ராஜா கிரீடம் கண்டாலே பழையது என்று சொல்ல முடியாது.

இங்கே கூடுதலாகக் கைகொடுப்பது பெயர். சாப்பர்ஸ் படையின் பெயர் பலமுறை மாறியது. 1876-இல் ‘குவீன்ஸ் ஓன்’ பட்டம் சேர்ந்தது. 1903-இல் ‘மதராஸ்’ போய் 2 என்ற எண் வந்தது. 1923-இல் ‘குவீன் விக்டோரியாஸ் ஓன் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்று ‘மதராஸ்’ திரும்பியது. ஆக, இந்த முழுப் பெயர் உள்ள பேட்ஜ் 1923-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. விக்டோரியா என்ற பெயரைக் கண்டு 19-ஆம் நூற்றாண்டு என்று விலை சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. அந்த அரசியின் பெயர் பட்டத்தில் ஏறியதே அவர் இறந்து ஏறத்தாழப் பத்தாண்டுக்குப் பிறகு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில்தான்.

அடுத்து பின்புறம். பேட்ஜைத் திருப்பினால் தொப்பி மடிப்பில் செருகும் தட்டைப் பட்டை, அதாவது ஸ்லைடர், இருக்கும். அல்லது ஊசி கோக்கும் இரு வளையங்கள் இருக்கும். 1890-களின் இறுதியில் ஸ்லைடர் பரவியது என்பதால் வளையம் என்றால் பழையது என்பார்கள். தலைப்பாகையும் ஹெல்மெட்டும் அணிந்த படைகளில் இந்த விதி எடுபடாது. செருக மடிப்பு இல்லாத இடத்தில் வளையமே தொடர்ந்தது.

உலோக விதிதான் இங்கே அதிகம் சறுக்குகிறது. அசல் என்றால் அச்சில் அடித்தது. முன்புற மேடு பின்புறத்தில் குழியாகத் தெரியும். வார்ப்பென்றால் பரப்பு சொரசொரப்பாக, ஓரத்தில் அரம் தேய்த்த கோடுகளோடு இருக்கும். போலி என்று ஒதுக்குவார்கள். பிரிட்டனில் இது பெரும்பாலும் சரி. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலி, உலோகம் ஆறிச் சுருங்குவதால் அளவில் சற்றுக் குறையும். ஆனால் இந்தியாவில் இருந்த படைகள் உள்ளூர்ப் பட்டறைகளிலும் பேட்ஜ் செய்து வாங்கின. மணல் அச்சில் வார்த்த பித்தளை சிப்பாய் உண்மையாகவே அணிந்ததாக இருக்கலாம். மறுபக்கம், பழைய அச்சுகளைக் கொண்டே பிற்காலத்தில் அடித்த பேட்ஜ்கள் கூர்மையாகவும் பளபளப்பாகவும் ‘அசல்’ சோதனையில் தேறிவிடும். துலக்கித் துலக்கித் தேய்ந்த கிரீட முனையும், ஸ்லைடர் பற்றவைத்த இடத்தில் படிந்த பழைய அழுக்கும் அங்கே நம்பகமான சாட்சிகள். அவற்றையும் ஆசிடும் அரமும் கொண்டு உண்டாக்கலாம் என்பது வேறு.

ஆகவே இந்த முறையைத் தள்ளவேண்டியதில்லை. அதனிடம் கேட்கும் கேள்வியை மாற்றவேண்டும். ‘இதற்கு முன்பு இருக்க முடியாது’ என்பதை அது உறுதியாகச் சொல்லும். ‘யார், எப்போது அணிந்தார்’ என்பதைச் சொல்லாது. அதற்குக் குடும்பத்தில் உள்ள டிஸ்சார்ஜ் சான்றிதழ், சீருடையுடன் எடுத்த போட்டோ, அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள மாதிரிகள் எல்லாம் வேண்டும். ‘1923–47, உள்ளூர் வார்ப்பாக இருக்கலாம்’ என்று சீட்டு எழுதுபவர், ‘1942, அசல்’ என்று எழுதுபவரைவிட அதிகம் அறிந்தவர். விலை என்னவோ இரண்டாமவருக்குத்தான் கிடைக்கிறது. இந்தத் துறையின் பெரிய கோளாறு அதுதான்.