அகதியின் யாத்திரையும் ஓராள் நாடகமும்

உயிருக்கு அஞ்சித் தாய்நாட்டை விட்டு வந்த ஒருவன் தன் கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல நேரும் முதல் இடம், பெரும்பாலும், அடைக்கலம் கோரிய தேசத்தின் விசாரணை அறைதான். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, அவனுடைய அச்சத்துக்குத் தக்க ஆதாரம் உண்டா என்பதையே அளவுகோலாக வைத்திருப்பதால், பத்திரமும் சாட்சியும் இழந்து வந்தவனுக்கு வாய்மொழியே பிரமாணமாகிவிடுகிறது. எதிரே அமர்ந்த அதிகாரியோ முரண்பாடு தேடியே அதைக் கேட்கிறார். அந்தத் தனிக் குரலை அரங்குக்குக் கொண்டுவரும் ஓராள் நாடகங்களை மதிப்பிடுகையில், எந்த உரிமையில் ஒருவர் அங்கே நின்று பேசுகிறார் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் 2012இல் ஹெர்ஷே ஃபெல்டரின் இயக்கத்தில் அரங்கேறிய 'வில்ஸ்டன் லேனின் பியானோக் கலைஞர்' நாடகத்தில் அவ்வுரிமை மகளுடையது. நாஜிகளிடமிருந்து யூதக் குழந்தைகளைக் காக்க அனுப்பிய ரயிலில், மூன்று பெண்மக்களில் ஒருத்திக்கே இடம் கிடைத்த நிலையில், 1938இல் வியன்னாவிலிருந்து இங்கிலாந்துக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்ட 14 வயது லிசா யூராவின் சரித்திரத்தை, பியானோ விதுஷியான மகள் மோனா கொலாபெக், தாய் அரங்கேற்றக் கனவு கண்ட, இசையமைப்பாளர் கிரீக்கின் இசைப்படைப்பைத் தாமே வாசித்துச் சொல்கிறார். அவ்விதம் பிரிட்டன் சேர்ந்த குழந்தைகள் ஏறக்குறைய 10,000 பேர். பரிதாபத்தை வேண்டி நிற்காத கம்பீரம் அந்நாடகத்துக்கு உண்டு.

இத்தாலியரான மார்கோ மார்ட்டினெல்லி 2010இல் படைத்த 'நீரின் இரைச்சல்' நேரெதிர் மார்க்கம். மத்தியதரைக் கடலின் எரிமலைத் தீவொன்றில், மூழ்கி இறந்தோரை எண்களாகப் பதிவு செய்யும் ஒரு தளபதியே அதில் பேசுகிறான். எண்ணிக்கை தவறுகிறதே என்று அவன் சினந்து கத்தும் அக்கத்தலினூடே இறந்தவர்களின் வாழ்க்கைகள் தாமாக வெளிப்பட்டுவிடுகின்றன.

என் மனத்தை முற்றும் ஆட்கொண்டது, பாலெர்மோவைச் சேர்ந்த டாவிடே எனியாவின் 'பாதாளம்' (2018). நம் கதாகாலட்சேபத்தைப் போலத் தனியொருவர் வீரகாதை சொல்லும் சிசிலியின் 'குந்தோ' மரபில் ஊறியவர் அவர். மூச்சை வெட்டி வெட்டி விடும் அதன் தாளகதியில், கிதார் ஒன்று துணைநிற்க, லாம்பெடூசா தீவில் மீட்புப் பணியாளரிடம் கேட்டவற்றைச் சொல்கிறார். 2013 அக்டோபர் 3 அன்று அத்தீவருகே படகு கவிழ்ந்து, பெரும்பாலும் எரித்திரியர்களான 368 பேர் மாண்டனர். அங்குள்ள முக்குளிப்பு வீரர் ஒருவர் விவரிக்கும் தருணம் இது: கைக்கெட்டும் தூரத்தில் மூவர் மூழ்குகின்றனர், ஐந்து மீட்டர் அப்பால் ஒரு தாயும் சிசுவும் மூழ்குகின்றனர், மூன்று இரண்டைவிடப் பெரிது என்ற கணக்கின்படியே கை நீட்டியாக வேண்டும். தளபதியின் கணக்கும் எண்தான், இவருடையதும் எண்தான். ஆயினும் இந்தக் கணக்கைப் போட்டவர் அதன்பின் உறங்க முடியாதவராகிறார். எனியா அகதியாக அபிநயிப்பதில்லை. கேட்டவராகவே நிற்கிறார், தம் தந்தையின் மௌனத்தையும் தந்தையின் சகோதரருடைய நோயையும் மறைக்காமல் நடுவில் வைக்கிறார்.

எனினும் மகளும், தளபதியும், கேட்டவரும் பேசிவிட்ட இம்மூன்று படைப்புகளிலும் கடல் கடந்தவரோ ரயிலேறியவரோ தாமே வாய்திறக்கவில்லை என்பது பெருங்குறை. இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு: அடைக்கல மனு நிலுவையிலுள்ள ஒரு நடிகருக்கு எல்லை தாண்டப் பயணப்பத்திரம் பெரும்பாலும் இராது. நாடு நாடாகச் சென்று நடத்தும் நாடகத்தில் அவர் ஏறுவது எவ்வாறு? எரித்திரியர்களின் திக்ரிஞா போன்ற தம் சொந்த மொழியிலேயே, மொழிபெயர்ப்பு எழுத்துகள் திரையில் ஓட, ஒருவர் பேசும் மேடையை அமைக்கும் பொறுப்பு, இந்நாடகங்களுக்குக் கைதட்டிய அதே அரங்குகளுடையது.